முதுமையில் விழாமலிருக்க கால்களுக்கு வலு சேர்ப்போம்

கொடைக்கானலில் டிசம்பர் மாத ஃபஜ்ரு நேரம். வெளியே கொட்டும் பனி. எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் போர்வையை விலக்கி எழுகிறார். விளக்கைப் போட்டால் பேரப்பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள் என்று இருட்டிலேயே சுவரைத் தடவிக்கொண்டு குளியலறைக்குப் போகிறார். தரையெல்லாம் ஈரம். உளூவின் கடைசியில் ஒரு காலைத் தூக்கிக் கழுவும்போது, ஊன்றிய கால் வழுக்கிவிடுகிறது.

அடுத்து நடப்பது நம்மில் பலருக்கும் தெரிந்ததுதான். இடுப்பெலும்பு முறிவு, மலைப்பாதையின் வளைவுகளில் வலியோடு ஆம்புலன்ஸ் பயணம், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் மதுரையில் அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை. நேற்று வரை கடைக்கும் பள்ளிவாசலுக்கும் தானாகப் போய் வந்தவர், இன்று கழிவறைக்குப் போகவே இருவர் தாங்க வேண்டிய நிலை. பார்க்க வருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "வயசாயிடுச்சு, விழத்தான் செய்வாங்க. நம்ம கையில என்ன இருக்கு?"

நம் கையில் நிறையவே இருக்கிறது. முதுமையில் விழுவது தலைமுடி நரைப்பதைப் போல எல்லோருக்கும் வந்தே தீரும் ஒன்றல்ல. அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் பெரிய காரணம் கால் தசைகளின் பலவீனமும் சமநிலைக் குறைவும். இவ்விரண்டையும் எழுபதிலும் எண்பதிலும்கூடச் சரிசெய்ய முடியும். அதற்கு ஒரு நாற்காலியும், ஒரு சுவரும், வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரமும், கூட நிற்க வீட்டில் ஒருவரும் இருந்தால் போதும்.

எவ்வளவு பெரிய பிரச்சினை?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்ததால் இறக்கிறார்கள். விபத்துக் காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். நூற்றில் எண்பதுக்கும் மேற்பட்ட மரணங்கள் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் நடக்கின்றன.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் கவலை உண்டு. 2021ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் மதிப்பீட்டில், நம் மாநில மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு (16.5 சதவீதம்) அடுத்த இடம் நமக்கு. பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும் திருப்பூரிலும் இருக்க, ஊரில் அத்தாவும் அம்மாவும் மட்டும் தனியே இருக்கும் வீடுகள் எத்தனை என்பது நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் விழுந்தால், மற்றவரால் தூக்கவும் முடியாது.

மனிதன் நிமிர்ந்து நிற்பது எப்படி?

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று தகவல்கள் மூளைக்கு வேண்டும். ஒன்று, கண் பார்ப்பது. இரண்டு, தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உட்காதில் உள்ள உறுப்பு சொல்வது. மூன்று, தரை எப்படி இருக்கிறது என்று பாதமும் மூட்டுகளும் உணர்த்துவது. இவற்றைச் சேர்த்து மூளை உத்தரவு கொடுக்க, தசைகள் நொடிக்கும் குறைவான நேரத்தில் உடலைச் சரிசெய்கின்றன.

வயதாகும்போது இந்த ஏற்பாட்டின் ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் தளர்கிறது. கண்புரை பார்வையை மங்கலாக்குகிறது. பல வருடச் சர்க்கரை நோய் பாதத்தை மரத்துப்போகச் செய்கிறது. காலடியில் இருப்பது மிதியடியின் விளிம்பா வெறும் தரையா என்பதே தெரிவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தசை குறைகிறது. நாற்பது வயதுக்குப் பிறகு மெல்லத் தொடங்கி, அறுபதுக்குப் பிறகு வேகமெடுக்கும் இழப்பு இது. அதிலும் சட்டென்று வேலை செய்யும் தசை நார்களே முதலில் மெலிகின்றன. கால் இடறிய கணத்தில் மறு காலை முன்னே எடுத்து வைத்து நம்மைக் காப்பாற்றுபவை அவைதாம். இளைஞனுக்கும் கால் இடறுகிறது. அவன் தடுமாறி நின்றுவிடுகிறான், பெரியவர் விழுந்துவிடுகிறார். வேறுபாடு அந்த ஒரு கணத்துத் தசை வேகத்தில் இருக்கிறது.

மலையில் இறக்கமே ஆபத்து

கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானலிலும், பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி, பண்ணைக்காடு, தாண்டிக்குடி போன்ற பழனி மலைக் கிராமங்களிலும் சமதளத்தில் வாழ்க்கை இல்லை. வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே படிக்கட்டு, கடைத்தெருவுக்குச் சரிவு, தோட்டத்துக்கு ஒற்றையடிப் பாதை.

"மலைக்காரங்க கால் உறுதியாத்தான் இருக்கும்" என்பார்கள். உழைக்கும் வயதில் அது சரி. ஆனால் ஏறும்போது மூச்சு வாங்குவதால் எல்லோருக்கும் ஏற்றத்தின் மீதுதான் பயம். கால்களுக்குக் கடினமான சோதனை இறக்கத்தில் இருக்கிறது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் முழு எடையையும் பிடித்து நிறுத்த வேண்டும். வண்டிக்கு பிரேக் போடுவதைப் போன்ற வேலை இது. தொடை மெலிந்தவருக்கு அந்த பிரேக் பிடிப்பதில்லை. முழங்கால் மடங்கிவிடுகிறது, அல்லது உடல் முன்னோக்கி ஓடத் தொடங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி பிடித்த படியும், காலைப் பனியில் நனைந்த கல்லும் இதோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதனாலேயே மலையூர்ப் பெரியவர்கள் பலர் ஒரு கட்டத்துக்குப் பிறகு வீட்டை விட்டு இறங்குவதையே விட்டுவிடுகிறார்கள். இறங்காததால் கால் இன்னும் மெலிகிறது. மெலிந்ததால் பயம் இன்னும் கூடுகிறது. ஒருமுறை விழுந்தவர் அதை வீட்டில் சொல்லாமல் மறைப்பதும் உண்டு. சொன்னால் வெளியே விடமாட்டார்கள் என்ற அச்சம்.

அன்பினால் நாம் செய்யும் தவறு

பெற்றோருக்குப் பணிவிடை செய்வது நம் கடமை என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த எண்ணத்தில் என்ன செய்கிறோம்? "நீங்க உட்காருங்கத்தா, நான் எடுத்துத் தர்றேன்", "அம்மா, நீங்க எழுந்திரிக்காதீங்க, தண்ணி கொண்டுவர்றேன்" என்று தட்டைக் கையில் கொடுக்கிறோம், செருப்பைக் காலடியில் வைக்கிறோம், நாற்காலியிலிருந்து கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு நாளில் இருபது முறை எழுந்து உட்கார்ந்த உடல் இப்போது ஐந்து முறைகூட எழுவதில்லை. பயன்படாத தசையை உடல் வைத்துக்கொள்வதில்லை.

அமெரிக்காவில் ஆரோக்கியமான முதியவர்கள் சிலரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. அந்தப் பத்து நாட்களில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. சாதாரணக் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தெழுந்த பெரியவர் ஏன் தள்ளாடுகிறார் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

ஆகவே பணிவிடையின் பொருளைக் கொஞ்சம் விரித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது மட்டுமல்ல, அவர் தானாக எழுந்துபோய்க் குடிக்கும் வலுவோடு இருக்க உதவுவதும் பணிவிடைதான்.

தொண்ணூறு வயதிலும் தசை வளருமா?

வளரும். பாஸ்டன் நகரில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் இருந்த தொண்ணூறு வயதுக்காரர்கள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடைத் தசைக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. 1990இல் வெளியான இந்த ஆய்வு, முதியவர்களுக்கு ஓய்வுதான் மருந்து என்ற பழைய எண்ணத்தை அசைத்துவிட்டது.

வலிமை கூடினால் விழுவது குறையுமா என்பது அடுத்த கேள்வி. அதற்கான விடை நியூசிலாந்தின் டனீடன் நகரிலிருந்து வந்தது. நம் கொடைக்கானலைப் போலவே குளிரும் மேடுபள்ளமும் நிறைந்த ஊர். உலகிலேயே மிகச் செங்குத்தான தெரு என்று பெயர்பெற்ற பால்டுவின் தெரு அங்கேதான் இருக்கிறது. அங்குள்ள ஒட்டாகோ பல்கலைக்கழக மருத்துவர்கள் 80 வயதைக் கடந்த 233 பெண்களை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினரின் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், சில முறை சென்று கால் வலிமைக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார். பிறகு அவர்கள் தாமாகவே செய்தார்கள். ஓராண்டு முடிவில் பயிற்சி இல்லாத குழுவில் 152 முறை விழுந்திருந்தார்கள், பயிற்சி செய்த குழுவில் 88 முறை. 1997இல் வெளியான இந்த முறை 'ஒட்டாகோ பயிற்சித் திட்டம்' என்ற பெயரில் இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது.

25 நாடுகளில் 23 ஆயிரத்துக்கும் அதிகமானோரிடம் நடந்த 108 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2019இல் வந்தது. உடற்பயிற்சியால் விழும் எண்ணிக்கை 23 சதவீதம் குறைகிறது என்றும், சமநிலைப் பயிற்சியோடு தசை வலிமைப் பயிற்சியும் சேரும்போது 34 சதவீதம் வரை குறைகிறது என்றும் அது கண்டது.

"தினமும் நடக்கிறேனே, போதாதா?"

நடை நல்லது. இதயத்துக்கு, சர்க்கரைக்கு, மனதுக்கு நல்லது. கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டர்ப் பாதை பெரும்பாலும் சமமானது. முடிந்த பெரியவர்கள் அதில் முடிந்த தூரம் நடக்கலாம். ஆனால் நடை மட்டும் விழுவதைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. நடக்கும்போது தொடைத் தசை அதன் முழு வலிமையைக் காட்ட வேண்டிய தேவை வருவதில்லை. சமநிலையும் பெரிதாகச் சோதிக்கப்படுவதில்லை. ஏற்கெனவே தள்ளாடும் ஒருவரை "வேகமா நடங்க" என்று சாலையில் அனுப்பினால், விழும் வாய்ப்புதான் கூடும்.

65 வயதைக் கடந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு இது: வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. அதோடு வாரத்தில் மூன்று நாளோ அதற்கு மேலோ சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி. முதலில் சொன்னதை நடையே நிறைவேற்றும். இரண்டாவதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை

மூன்று கேள்விகள் கேளுங்கள். போன வருடத்தில் விழுந்தீர்களா? நிற்கும்போதும் நடக்கும்போதும் தள்ளாட்டம் தெரிகிறதா? விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கிறதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் கவனம் தேவை.

பிறகு இந்த மூன்றையும் செய்து பாருங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

எழுந்து உட்காரும் சோதனை: சாப்பாட்டு மேசையின் திடமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அது வழுக்கும். கைகளை மார்பின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதில் ஆண்கள் 12, பெண்கள் 11 முறையாவது எழ வேண்டும். 70 முதல் 74 வரை ஆண்கள் 12, பெண்கள் 10. 75 முதல் 79 வரை ஆண்கள் 11, பெண்கள் 10. 80 முதல் 84 வரை ஆண்கள் 10, பெண்கள் 9. இதற்குக் குறைந்தால் கால் வலிமை போதவில்லை என்று பொருள்.

நடந்து திரும்பும் சோதனை: நாற்காலியிலிருந்து எழுந்து, பத்தடி தூரம் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் வாய்ப்பு அதிகம்.

நிற்கும் சோதனை: ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல்களைத் தொடும்படி ஒரே கோட்டில் வைத்து, எதையும் பிடிக்காமல் 10 நொடி நிற்க வேண்டும். முடியவில்லை என்றால் சமநிலைப் பயிற்சி அவசியம்.

பயிற்சிகள்

அண்மையில் நெஞ்சுவலி வந்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள், மூட்டு அறுவை செய்துகொண்டவர்கள், அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். மற்றவர்களும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. சமையல் மேடை போன்ற உறுதியான பிடிமானத்தின் அருகில் செய்யுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக வரும்.

ஒன்று, எழுந்து உட்காருதல். பத்து முறை. முதலில் கைகளை ஊன்றி எழலாம். பிறகு ஒரு கை, பிறகு கையே இல்லாமல். உட்காரும்போது 'தொப்'பென்று விழாமல், மூன்று எண்ணுவதற்குள் மெல்ல இறங்க வேண்டும். மலைச் சரிவில் இறங்க வேண்டிய அந்த பிரேக் தசைக்கு இதுவே நேரடிப் பயிற்சி.

இரண்டு, முழங்கால் நீட்டுதல். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து. இது எளிதானதும், அரைக் கிலோ மணலைத் துணிப்பையில் தைத்துக் கணுக்காலில் கட்டிக்கொள்ளலாம்.

மூன்று, குதிகால் உயர்த்துதல், விரல் உயர்த்துதல். மேடையைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தில் எழும்பி இறங்குவது பத்து முறை. பிறகு குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்குவது பத்து முறை. விரல் தூக்கும் தசை பலமாக இருந்தால், மிதியடியிலும் கைலியின் விளிம்பிலும் கால் மாட்டாது.

நான்கு, காலைப் பக்கவாட்டில் உயர்த்துதல். நேராக நின்று ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் பத்து. பக்கவாட்டில் விழும்போதுதான் இடுப்பெலும்பு அதிகம் முறிகிறது. அதைத் தடுக்கும் இடுப்புத் தசை இது.

ஐந்து, சமநிலை. ஒரே கோட்டில் பாதம் வைத்து நிற்பது பத்து நொடி. ஒற்றைக் காலில் நிற்பது பத்து நொடி. மேடையோரமாகப் பக்கவாட்டில் பத்து அடி நடப்பது. குதிகாலும் விரலும் தொட்டபடி கோட்டில் நடப்பது. முதலில் இரு கையால் பிடித்து, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், கடைசியாகப் பிடிக்காமல்.

இவற்றில் ஒரு விதி முக்கியம். பயிற்சி கொஞ்சம் கடினமாக இருக்க வேண்டும். கடைசி இரண்டு முறை சிரமப்பட்டுத்தான் செய்ய முடிகிறது என்றால் அளவு சரி. எளிதாகிவிட்டால் எண்ணிக்கையையோ எடையையோ கூட்டுங்கள். மறுநாள் தசையில் லேசான வலி இருப்பது இயல்பு. நெஞ்சில் அழுத்தம், அதிக மூச்சுத் திணறல், மயக்கம், மூட்டில் குத்தும் வலி வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பலன் ஒரு வாரத்தில் தெரியாது. இரண்டு, மூன்று மாதம் தொடர்ந்தால் எழுந்து உட்காரும் எண்ணிக்கையிலேயே மாற்றம் தெரியும். நிறுத்தினால் வந்த வலு திரும்பிப் போய்விடும். ஆகவே இது ஆயுள் முழுவதற்குமான பழக்கம்.

தொழுகையும் பயிற்சியும்

நின்று, குனிந்து, தரையில் நெற்றி வைத்து, மீண்டும் எழுந்து நிற்கும் தொழுகை, ஒரு நாளில் பல முறை தொடையையும் இடுப்பையும் வேலை வாங்குகிறது. தரையிலிருந்து தானாக எழும் திறமையை முதுமை வரை காத்துக்கொள்ள இது உதவும். ஆனால் உடற்பயிற்சிக்கு மாற்று என்று நினைத்துவிடக் கூடாது. தசை வளர வேண்டுமானால் சுமை கூடிக்கொண்டே போக வேண்டும். தொழுகையின் அசைவுகள் என்றும் ஒரே அளவு. அதன் நோக்கமும் வேறு.

உடலால் முடியாதவர்களுக்கு உட்கார்ந்து தொழச் சலுகை இருக்கிறது. யாருக்கு எந்த அளவு என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டு அறுவை செய்தவர்கள் மருத்துவர் சொன்னபடி நடக்க வேண்டும். ஆனால் லேசான முழங்கால் வலிக்காக நாற்காலிக்குப் போன பலர், தொடை வலுப்பெற்றால் மீண்டும் ஸஜ்தா செய்ய முடியுமா என்று முயன்று பார்ப்பதே இல்லை. மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு ஒருமுறை முயன்று பாருங்கள். தரையில் நெற்றி வைக்க முடியவில்லையே என்று ஏங்கும் பெரியவர்களுக்கு, பயிற்சியைத் தொடர இதைவிடப் பெரிய தூண்டுதல் தேவைப்படாது.

உளூவை ஒரு முக்காலியில் உட்கார்ந்து செய்வது பாதுகாப்பு. நின்றபடி ஒரு காலைத் தூக்கிக் கழுவ வேண்டாம். ரமலானில் நீர்ச்சத்துக் குறைவாலும், சர்க்கரை தாழ்வதாலும் தலைசுற்றல் வரலாம். நோன்புக்கு முன்பே மாத்திரை நேரங்களை மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். தராவீஹில் சுவரோரமாகவோ தூணருகிலோ நிற்பது நல்லது.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உளூச் செய்யும் இடத்தில் வழுக்காத தரை, படிக்கட்டில் கைப்பிடி, வாசலில் செருப்புகள் சிதறிக் கிடக்காதபடி ஓர் அலமாரி. செலவு சிறிது, பயன் பெரிது.

பயிற்சியோடு சேர்ந்தவை

மாத்திரைகள்: தூக்க மாத்திரையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் எழும்போது தள்ளாட வைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் எழும்போது கட்டிலின் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும்.

கண்: கண்புரை இருந்தால் அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம். மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் ஏழைகளுக்கு இலவசமாகவே செய்கிறார்கள்.

உணவு: தசைக்குப் புரதம் வேண்டும். "வயசாச்சு, கஞ்சி போதும்" என்பது தவறு. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது ஒரு நாளைக்குத் தேவை. முட்டை, மீன், பருப்பு, பால், நம் மலையில் விளையும் பீன்ஸ் விதை ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவில் சாப்பிட வேண்டும்.

வீடு: படுக்கையிலிருந்து குளியலறை வரை இரவு விளக்கு, கழிவறையில் கைப்பிடி, வழுக்கும் மிதியடிகளை அகற்றுவது, குதிகாலைப் பிடிக்கும் வார் உள்ள செருப்பு.

உதவி எங்கே கிடைக்கும்?

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு இந்தியாவுக்கே வழிகாட்டியது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் முதியோருக்கெனத் தனி வெளிநோயாளர் பிரிவு தொடங்கக் காரணமாக இருந்தவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். 1990இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2024 பிப்ரவரியில் சென்னை கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டது.

மலையிலிருந்து சென்னைக்குப் போக முடியாதவர்களுக்கு அருகிலேயே ஒரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வருவது பலருக்குத் தெரியும். அதே திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார் என்பது பலருக்குத் தெரியாது. நடமாட முடியாதவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், எலும்பு முறிந்து எழுந்தவர்கள் வீட்டில் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம செவிலியரிடமோ சொல்லிப் பதிவு செய்யுங்கள். டனீடனில் நடந்ததும் இதுதானே? பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்தார், மீதியை வீட்டிலேயே செய்தார்கள்.

விழுந்துவிட்டால்

பதறிப்போய் உடனே தூக்காதீர்கள். அசையாமல் இருக்கச் சொல்லி, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், அல்லது இடுப்பில் கடும் வலி இருந்தால், இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். போர்வை போர்த்தி 108ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டு, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடி இல்லை என்றால், ஒரு நாற்காலியை அருகில் போட்டு, பக்கவாட்டில் திரும்பி, மண்டியிட்டு, நாற்காலியை ஊன்றி அவரே எழ உதவுங்கள். திடமாக இருக்கும்போதே இதை ஒருமுறை பழகிவைத்தால் தனியே இருக்கும் பெரியவருக்குத் தைரியம் வரும். எழுந்த பிறகு, "இனிமே எங்கயும் போகாதீங்க" என்று சொல்லி முடக்கிவிடாதீர்கள். ஏன் விழுந்தார் என்று தேடுங்கள், பயிற்சியைத் தொடங்குங்கள்.

இன்று அஸருக்குப் பிறகு அத்தாவையோ அம்மாவையோ கூப்பிட்டு, சுவரோரம் நாற்காலியைப் போடுங்கள். எதிரே இன்னொரு நாற்காலியைப் போட்டு நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். எண்ணும் வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ அழைப்பில் கூடவே செய்யலாம், "சாப்பிட்டீங்களா?" என்பதோடு "இன்னைக்கு எத்தனை முறை எழுந்தீங்க?" என்றும் கேட்கலாம். நம் பெற்றோர் தம் கால்களாலேயே நடந்து பள்ளிவாசலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போய்வரும் நாட்களை, இன்ஷா அல்லாஹ், அந்த எண்ணிக்கை நீட்டித் தரும்.